ஏரும் கோடரியும்

உரோமாபுரி மக்கள் தம் கடைசி மன்னனான தார்க்குவினைக் கி. மு. 509-இல் நாட்டைவிட்டுத் துரத்தினர் என்பது பழைய வரலாறு. முடியாட்சியின் கொடுமையைக் கண்டு வெறுத்த அம்மக்கள், இனி ஒருவன் கையில் முழு அதிகாரத்தையும் ஒப்படைப்பதில்லை என்று உறுதி பூண்டனர். ஆண்டுதோறும் இருவரைத் தேர்ந்தெடுத்து, 'கான்சல்' என்று பெயரிட்டு, ஆட்சிப் பொறுப்பை அளித்தனர். ஒருவர் இட்ட ஆணையை மற்றவர் தடுக்கலாம். அமைதிக் காலத்திற்கு இம்முறை ஏற்றதே. ஆனால், பகைவர் படை நெருங்கி வரும்போது தலைவர் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நாடு என்னாகும்?

இவ்விடரை நீக்க உரோமர் ஒரு வழி கண்டனர். ஆபத்து நேர்ந்தால், செனட் சபையின் அறிவுரைப்படி கான்சல் ஒருவர் தக்கார் ஒருவரைச் சர்வாதிகாரியாக நியமிப்பார். கோடரி செருகிய கழிக்கட்டுகளை ஏந்தி ஏவலர் 24 பேர் அவர் முன்னே செல்வர். ஆயினும், அப்பதவிக்கு ஆயுள் ஆறு திங்களே. குதிரைமேல் ஏறுவதற்குக்கூட அவர் இசைவு பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது!

கி. மு. 458-இல் ஈக்குவர் என்னும் மலைநாட்டார் உரோமப் படையொன்றை வளைத்துக்கொண்டனர். செனட் சபையின் தூதர் சின்சின்னாட்டஸ் என்பவரை நாடிச் சென்றனர். தம் மகனுக்குப் பிணை நின்று பொருளெல்லாம் இழந்த அவர், தைபர் ஆற்றின் அக்கரையில் சிறு நிலம் ஒன்றை உழுதுகொண்டிருந்தார். மனைவி ரசீலியாவை அழைத்து, குடிசையிலிருந்து மேலாடையைக் கொணரச் செய்து, வியர்வையையும் புழுதியையும் துடைத்துவிட்டு வந்து நின்றார். தூதர் அவரைச் சர்வாதிகாரி என்று வாழ்த்தினர்.

மறுநாள் கடைகள் அடைபட்டன. போர் செய்யும் வயதினர் அனைவரும், ஐந்து நாள் உணவோடும் ஆளுக்குப் பன்னிரண்டு மரமுளைகளோடும் கதிரவன் மறையுமுன் கூட வேண்டும் என ஆணை பிறந்தது. நள்ளிரவில் பகைவரைச் சூழ்ந்து, அம்முளைகளை நட்டு அரண் அமைத்தனர். வளைத்தவர் வளைக்கப்பட்டனர். வென்று மீண்ட சின்சின்னாட்டஸ், பதவியேற்ற 16-ஆம் நாள் அதனைத் துறந்தார். லிவி என்னும் வரலாற்றாசிரியர் கூறும் இந்நிகழ்ச்சியில் கதையும் கலந்திருக்கலாம். எனினும், தலைவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்று உரோமர் கருதினர் என்பதை இது காட்டுகின்றது.

பின்னர்க் காலம் மாறியது. கி. மு. 82-இல் சுல்லா தம் படைவலியால் நகரைக் கைப்பற்றி, கால வரையறையற்ற சர்வாதிகாரியானார். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்கள் பொதுவிடத்தில் எழுதி வைக்கப்பட்டன. கொன்றவர்க்குப் பரிசும் கிடைத்தது. அவரும் பின்னர்ப் பதவியைத் துறந்தாரெனினும், ஆறு திங்கள் என்னும் வேலி சாய்ந்துவிட்டது. சீசருக்குக் கி. மு. 46-இல் பத்தாண்டுகளுக்கும், கி. மு. 44-இல் வாழ்நாள் முழுமைக்கும் அப்பதவி வழங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 15-ஆம் நாள் அவர் குத்திக் கொல்லப்பட்டார். சர்வாதிகாரி என்னும் பதவியே வேண்டா என்று உடனே சட்டமும் இயற்றினர்.

பெயர் ஒழிந்தது. கி. மு. 22-இல் உணவுப் பஞ்சம் வந்தபோது, அப்பதவியை ஏற்குமாறு மக்கள் அகஸ்தசை வற்புறுத்தினர். அவரோ முழந்தாளிட்டு, மேலாடையை விலக்கி மார்பைக் காட்டி, அப்பட்டம் தமக்கு வேண்டா என இரந்தார். நாட்டின் படைகளுட் பெரும்பகுதி அப்போது அவர் கையிலேயே இருந்தது.