விமானப் பயணமும் கஸ்ருத் தொழுகையும்

பிரயாணத்தில் நான்கு ரக்அத் ஃபர்ளை இரண்டாகச் சுருக்கித் தொழுவதற்குக் கஸ்ரு என்று பெயர். ளுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றுக்கே இச்சலுகை உண்டு. சுபுஹுக்கும் மஃரிபுக்கும் இல்லை.

"சென்னையிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். களைப்பே இல்லாத பிரயாணத்திற்குக் கஸ்ரு எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். இதே சிலர் தினமும் ஒன்றரை மணி நேரம் ரயிலில் நின்று வேலைக்குப் போவதால், அங்கே கஸ்ரு செய்யலாம் என்றும் எண்ணிக் கொள்கின்றனர். இரண்டும் சரியல்ல. ஷரீஅத் பார்ப்பது தூரத்தை, நேரத்தையல்ல.

அந்தத் தூரம் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. இது ஏறத்தாழ 82 கி.மீ. என்பது பலருடைய கணக்கு. ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைதூரம். அதை நம் நாட்டு உலமாக்கள் 48 மைல், அதாவது சுமார் 77 கி.மீ. என்று கணக்கிட்டுள்ளனர்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். சென்னையிலிருந்து திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சுமார் 45 கி.மீ. அங்குள்ள சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் சகோதரர் எவ்வளவு அலுத்தாலும் முஸாஃபிர் அல்லர். அவர் ளுஹரை நான்காகவே தொழ வேண்டும். திருச்சியோ வான்வழியில் மட்டுமே ஏறத்தாழ 290 கி.மீ. ஆகவே, ஒரு மணி நேரத்தில் இறங்கினாலும் அவர் முஸாஃபிரே.

இது புதிய தீர்ப்பன்று. ஹிஜ்ரி 676-இல் வஃபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில், கடல் வழியாக அத்தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் கஸ்ரு உண்டு என்ற கருத்தை எழுதியுள்ளார்கள். விமானம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் வழி சொல்லி விட்டார்கள்!

அடுத்து, கஸ்ரு எங்கே தொடங்குகிறது? சொந்த ஊரின் எல்லையைக் கடந்த பின்னரே. கும்மிடிப்பூண்டிவாசி திருச்சிக்குப் புறப்பட்டால், மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே கஸ்ரு தொழலாம். அவர் தம் ஊரைத் தாண்டி வந்துவிட்டார். சென்னைவாசிக்கு அங்கே கஸ்ரு இல்லை. அவர் இன்னும் தம் ஊரிலேயே இருக்கிறார். திரும்பி வரும்போதும் அப்படியே. விமானம் இறங்கியதும் சென்னைவாசியின் பிரயாணம் முடிந்தது. மற்றவருக்கோ கும்மிடிப்பூண்டி எல்லைக்குள் நுழையும் வரை நீடிக்கும். ஒரே வரிசையில் அமர்ந்து வந்த இருவருக்கு இருவேறு சட்டம்! ஆனால், ஊர்வாசியான இமாமின் பின்னால் தொழுகிறவர் முஸாஃபிராயினும் முழுமையாகவே தொழ வேண்டும். பெண்களுக்கும் இவையே சட்டங்கள்.

ஷாபிஈகள் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஜம்உ செய்து கொள்ளலாம். ஹனஃபிகள் ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் தொழுவார்கள்.

அச்சம் நீங்கிய பின்னும் ஏன் கஸ்ரு என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், அதை ஏற்றுக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. அவன் தந்த இடத்தில் வேண்டாமென்று தள்ளுவதும், தராத இடத்தில் நாமாக எடுத்துக் கொள்வதும் அடியானுக்கு அழகல்ல.

பிரயாணத்திலும் ஊரிலும் தொழுகையைப் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.