இரைப்பையின் சாளரம்

நுழையும்முன்

உண்ட உணவு உடலோடு ஒன்றாவது நாள்தோறும் நமக்குள் நிகழ்கிறது. ஆயினும் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனை நேரில் காணும் வாய்ப்பு, விபத்தொன்றின் விளைவாக ஒரு மருத்துவருக்குக் கிட்டியது. அவர் கண்டறிந்தவற்றையும், அதற்குத் தம் உடலைத் தந்தவரின் நிலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வாயில் தொடங்கும் பணி

செரித்தல் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. வளர்ந்த மனிதருக்கு 32 பற்கள் உள்ளன. வெட்டும் பற்கள் எட்டும் உணவைத் துண்டாக்குகின்றன. கோரைப் பற்கள் நான்கும் கிழிக்கின்றன. முன் கடைவாய்ப் பற்கள் எட்டும் பின் கடைவாய்ப் பற்கள் பன்னிரண்டும் அரைக்கின்றன. அரைபடும் உணவோடு உமிழ்நீர் கலக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுப்பொருளை மால்டோஸ் என்னும் சர்க்கரையாகச் சிதைக்கத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதற்குக் காரணம் இதுவே.

விழுங்கிய உணவு பின்னர் என்னவாகிறது? இரைப்பை திரிகைபோல் அரைக்கிறது என்றனர் சிலர்; உணவு அங்கே புளித்துச் சிதைகிறது என்றனர் வேறு சிலர். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி, இரைப்பை நீர் உணவைக் கரைப்பதைச் சோதனைகள்வழிக் காட்டினார். எனினும் விவாதம் ஓயவில்லை.

மூடாத காயம்

வட அமெரிக்காவின் ஹூரான் ஏரியில் உள்ளது மாக்கினாக் தீவு. 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அங்கிருந்த மென்மயிர்த் தோல் வணிகக் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. கனடாவைச் சேர்ந்த படகுத் தொழிலாளி அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இடப்பக்க விலாவைக் குண்டு துளைத்தது. படை மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அவருக்கு மருத்துவம் செய்தார். பிழைக்கமாட்டார் எனக் கருதப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். ஆனால், இரைப்பையின் துளை விலாப்புறச் சதையோடு ஒட்டி ஆறியதால் அவ்வழி மூடவே இல்லை.

1825இல் பியூமாண்ட் ஆய்வைத் தொடங்கினார். பட்டுநூலில் கட்டிய உணவுத் துண்டுகளைத் துளைவழியே உள்ளே விட்டு, குறித்த நேரத்தில் வெளியே எடுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் குப்பியில் சேர்த்து, உடல் வெப்பத்தில் வைத்து, அதில் இறைச்சியை இட்டார். இரைப்பைக்குள் இருந்த துண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மறைந்தது. குப்பியில் இருந்தது பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் முற்றும் கரைந்தது. உடலுக்கு வெளியேயும் நிகழ்வதால், செரித்தல் ஒரு வேதிவினை என்பது உறுதியாயிற்று. நுண்ணிதாகச் சிதைந்த உணவு விரைந்து செரிப்பதையும், சினம் செரித்தலைக் குலைப்பதையும் அவர் பதிவு செய்தார். 238 சோதனைகளைக் கொண்ட அவரது நூல் 1833இல் வெளிவந்தது.

தெரிந்து தெளிவோம்

இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட் 1824இல் வெளியிட்டார். புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் நொதியை ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் 1836இல் கண்டறிந்தார்.

அறிவும் அறமும்

செயின்ட் மார்ட்டின் எழுத்தறியாதவர், வறியவர். ஓராண்டுக்கு உணவு, உடை, உறைவிடத்துடன் 150 டாலர் தருவதாக 1832இல் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் அவர் குறியிட்டார். வெறும் வயிற்றோடு காத்திருப்பதும் துளைவழி குழாய் செலுத்தப்படுவதும் அவருக்குத் துன்பம் தந்தன. ஊர் திரும்பிய அவர், பியூமாண்ட் பலமுறை அழைத்தும் 1834க்குப் பின் வரவில்லை. 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை எடுத்துவிடக்கூடாது என்று குடும்பத்தார் அதனை அழுகவிட்டு, ஆழக் குழிதோண்டிப் புதைத்தனர்.

உயிரைக் காத்தவர் கேட்கும்போது, வறுமையில் உள்ளவர் மறுத்துரைக்க இயலுமா? ஆய்வுக்கு உட்படுபவரின் முழுமனத்துடனான ஒப்புதலே முதல் நிபந்தனை என 1947இல் நியூரம்பெர்க் நெறிமுறை வகுத்தது. பாடநூலில் ஓரிரு வரிகளாக நாம் கற்கும் செரித்தலுக்குப் பின்னே ஒரு மனிதரின் வலியும் உண்டு. அதனையும் சேர்த்து அறிவதே முழுமையான கல்வியாகும்.

கற்பவை கற்றபின்...

1. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்னும் பழமொழியைப் பியூமாண்டின் ஆய்வு முடிவுகளோடு ஒப்பிட்டு எழுதுக.

2. செயின்ட் மார்ட்டின் அளித்தது உண்மையான ஒப்புதலா? வகுப்பறையில் இரு அணிகளாகப் பிரிந்து விவாதிக்க.