நாக்கின் ஓரத்துப் புண்: நெடுந்தீவு வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஐயாவின் நாக்கு ஓரத்தில் ஒரு மாதமாக ஆறாத புண் இருக்கிறது, நோவில்லாததால் "கூரான பல்லுப் பட்டிருக்கும்" என்று சொல்லி அவர் தட்டிக் கழிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நோவில்லை என்பதை வைத்து ஆறுதல்பட முடியாது. நாக்குப் புற்றுநோய் பெரும்பாலும் நோவில்லாமலே தொடங்கும். காதுக்குள் குத்து, விழுங்கக் கஷ்டம், பேச்சுக் குழறல், கழுத்தில் கட்டி எல்லாம் பிந்தி வருபவை.

ஐயாவை வெளிச்சத்தில் இருத்துங்கள். நாக்கு நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஓரமும் அடிப்பக்கமும்தான் இந்நோய் அதிகம் பிடிக்கும் இடங்கள். புண்ணின் விளிம்பு தடித்து விரலுக்கு இறுக்கமாகத் தட்டுப்பட்டாலோ, அருகில் வெள்ளை அல்லது சிவப்புப் படை தெரிந்தாலோ ஒரு நாளும் பிந்த வேண்டாம். இவை இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

போயிலை பயிரிட்டுப் பிழைத்த மண் எங்களுடையது. வெற்றிலைத் தட்டம் நீட்டுவது எங்களுக்கு மரியாதை. ஆகையால் ஐயா வெற்றிலை போடுபவரானால் அவரை ஏச வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள். போயிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒரு சிறு துண்டு சதையை எடுத்துச் சோதிக்காமல் நோயை உறுதிப்படுத்த முடியாது. உறுதியானால் முதல் வழி சத்திரசிகிச்சை. புண்ணோடு சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டுமென்றால் மறுக்காதீர்கள். மும்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப நிலையிலேயே கணுக்களை எடுத்தவர்களில் 80 வீதமானோர் மூன்று ஆண்டுகளின் பின் உயிரோடு இருந்தார்கள். கழுத்தில் நோய் தெரியும்வரை பொறுத்தவர்களில் 67.5 வீதமானோர். அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வந்தது நாக்குப் புற்றுநோய்.

நோய் முற்றினால் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் சேரும். நாக்கில் அதிகம் இழக்க நேரும், பிழைக்கும் வாய்ப்பும் குறையும். சிறிய புண்ணாக இருக்கும்போதே எடுத்தால் பலர் திரும்பவும் நன்றாகப் பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள்.

குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. உங்கள் சிரமம் தெரியும். ஆனாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையும் எட்டாத தூரத்தில் இல்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசும் இல்லை. ஐயா மறுத்தாலும் விடாதீர்கள். இந்தக் கிழமையே அவரைப் படகில் ஏற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்