வினைச்சொல்லுக்கு ஒரு படம்

அன்பு மருமகளுக்கு,

பேச்சு வராத பிள்ளைகளுக்காக நீ வரைந்த பட அட்டைகளை வட்ஸ்அப்பில் பார்த்தேன். பந்து, கோப்பை, சைக்கிள் எல்லாம் அச்சொட்டாக இருக்கின்றன. ‘ஓடு’, ‘இழு’, ‘கொடு’ என்று வந்த இடத்தில்தான் கை தடுமாறியிருக்கிறது. பொருள் ஓரிடத்தில் இருக்கும், பார்த்து வரைந்துவிடலாம். செயல் அப்படி நிற்காது. அதன் எந்தக் கணத்தைப் பிடிப்பது என்று முதலில் முடிவெடுக்க வேண்டும்.

‘இழு’வை எடு. நிமிர்ந்து நிற்கும் ஆளின் கையில் கயிற்றைக் கொடுத்து, பக்கத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறாய். அவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். கடற்கரைப் பள்ளிவாசல் பக்கம் போய்க் கரைவலை இழுப்பவர்களைப் பார். உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்திருக்கும். குதிகால் மணலில் புதைந்திருக்கும். கயிறு கோடு கிழித்தாற்போல் விறைத்து நிற்கும். அதை விட்டால் ஆள் மல்லாக்க விழுவார். அந்தச் சாய்வுதான் ‘இழு’. கயிறு கொஞ்சம் தொய்ந்தாலும் படம் கெட்டுவிடும். அதே ஆளை முன்னால் சாய்த்து, கைக்கு எதிரே ஒரு தோணியை வைத்தால் ‘தள்ளு’. அம்புக்குறி போட்டால்தான் விளங்கும் என்றால், உடம்பை இன்னும் சரியாக வரையவில்லை என்று அர்த்தம்.

இனி ‘ஓடு’. கொழும்புக் கட்டடங்களில் வாசலுக்கு மேலே பச்சைப் பலகையில் கதவை நோக்கி ஓடும் ஆளைக் கண்டிருப்பாய். 1972இல் ஒசாக்காவில் ஒரு கடைத்தொகுதி தீப்பிடித்து 118 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழியைக் காட்ட எழுத்துப் பலகை மட்டும் போதாது என்ற பேச்சு ஜப்பானில் அதன் பிறகு வலுத்தது. போட்டி வைத்துத் தேர்ந்த படத்தை வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டாவின் குழுவினர் செம்மைப்படுத்தினார்கள். 1980களில் அது சர்வதேசத் தரமாயிற்று. கதவை எடுத்துவிட்டால் அந்த ஆள் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறவர். கதவு இருப்பதால்தான் ‘வெளியே தப்பிப் போ’ என்றாகிறது.

சுனாமிப் பலகையையும் கவனி. 2004 டிசம்பர் 26 நீ பிறக்காத காலம், ஆனால் வீட்டில் கேட்டிருப்பாய். பின்னால் அலை, முன்னால் மேட்டில் ஏறி ஓடும் ஆள். நல்ல படம்தான். ஆனால் நம் கல்முனைக்குடியில் மேடு எங்கே இருக்கிறது? கடலிலிருந்து மேற்கே போனால் வீடுகள், மெயின் ரோட், அப்புறம் வயல். எல்லாம் சமதரை. மேற்கே ஓட வேண்டும், நேரமில்லையென்றால் உறுதியான மாடிக் கட்டடத்தில் ஏற வேண்டும். கட்டடத்தில் ஏறுவதற்கென்றே சர்வதேசத் தரத்தில் தனிப் படம் இருக்கிறது. நம் கரைக்கு அதுதான் பொருத்தம் என்பேன்.

‘கொடு’ கொஞ்சம் பொல்லாதது. ஒருவர் நீட்ட மற்றவர் கை ஏந்துவதாக வரைந்தால் ‘வாங்கு’வுக்கும் அதே படம்தான். செய்கிறவரை முழுக் கறுப்பாக நிரப்பு, மற்றவரை வெறும் கோட்டில் விடு. எல்லா அட்டையிலும் இதே முறை இருந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

முகம் வேண்டாம். படங்களால் விளக்கும் முறையை வகுத்த ஒட்டோ நொய்ராத்துடன் வியன்னாவில் வேலைசெய்த ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் ஏறக்குறைய 4,000 குறிப்படங்கள் செய்தார். அவருடைய ஆட்களில் பெரும்பாலோருக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. சிரிப்பை வரைந்தால் பிள்ளை சிரிப்பைத்தான் பார்க்கும், கை செய்வதைப் பார்க்காது. உருவம் வரையலாமா என்று கேட்கும் மூத்தம்மாவுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்!

வரைந்து முடித்ததும் சொல்லை மறைத்துவிட்டு மூத்தம்மாவிடமும் தெருப் பிள்ளைகளிடமும் காட்டு. ‘இது என்ன?’ என்று கேட்காதே, ‘ஆள்’ என்பார்கள். ‘இவர் என்ன செய்கிறார்?’ என்று கேள். ‘குளி’யைப் பார்த்து மழையில் நனைகிறார் என்றால், ஆளின் கையில் ஒரு வாளியைக் கொடு. எல்லா அட்டையும் இப்படித் தேறிய பிறகு லெமினேட் பண்ணக் கொடு, அதற்கு முன் வேண்டாம்.

வஸ்ஸலாம்,
உன் மாமா