அக்கி ஆறியபின் தொடரும் வலி

கொப்புளங்கள் காய்ந்துவிட்டன, ஆனால் சட்டை பட்டாலே விலா எரிகிறது. இடம்பெயர்ந்து அலைந்த நம் முதியோர் இப்படிச் சொன்னால், அதை மனப்பிரமை என்று தள்ளிவிடலாகாது.

முன்பு வந்த கொப்பளிப்பானின் கிருமி நரம்பு வேரில் உறங்கிக் கிடந்து, உடல் தளரும்போது அக்கியாக எழும்புகிறது. நரம்பு காயப்படுவதால், தோல் ஆறியபின்னும் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

இடிபட்ட முழங்கையைத் தேய்த்தால் வலி தணிவதை அறிவோம். தொடுகையுணர்வு வலியை முள்ளந்தண்டிலேயே மறிக்கிறது. 1965 இல் மெல்சாக், வோல் என்னும் அறிஞர்கள் இதைக் கதவுக்கு ஒப்பிட்டனர். நமக்கு அது குளத்துத் துருசு.

'டென்ஸ்' எனும் சிறு கருவி, தோலில் ஒட்டும் தகடுகளால் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி இவ்வாறே வலியை மறிக்க முயல்கிறது. சிலருக்குச் சுகம் கிடைக்கும். ஆனால் நரம்பின் காயம் மாறாது. இது மருந்துக்குத் துணை மட்டுமே. புண்ணிலோ மரத்த தோலிலோ வைக்கலாகாது. இதயத்துடிப்புக் கருவி பொருத்தியோர் தவிர்க்கவேண்டும். வீட்டு மின்சாரத்தாலோ பற்றரியாலோ ஒருபோதும் முயலவேண்டாம்.

கொப்புளம் கண்டால் மூன்று நாட்களுக்குள் வைத்தியசாலைக்குச் செல்வோம். கண்ணருகே வந்தால் அன்றே செல்வோம். காவி எழுதிக் காத்திருந்தால் மருந்துக்குரிய காலம் கடந்துவிடும்.

கலந்துரையாட: வவுனியாவில் நம் அயலில் இவ்வலியைச் சொல்லாமல் தாங்குவோர் யார்? அவரை வைத்தியரிடம் அழைத்துச்செல்வது யார்?