கைராசியும் விதையும்



ஆடிப்பட்டம் வந்தாலே ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடு சந்திக்கப் போகிற இடத்தில் தாய்மார் சொல்லுகிற வார்த்தை ஒன்று உண்டு. "எனக்குக் கைராசி இல்லை பாஸ்டரய்யா, நான் போட்டா முளைக்காது." ஒரு வீட்டில் கணவனை இழந்த சகோதரியை விதையைத் தொடவே விடவில்லை. என் மனம் மிகவும் பாரப்பட்டது. தொட்டது யார் என்று விதைக்குத் தெரியுமா? அதற்குத் தேவை ஈரம், சூடு, காற்று.

முதலாவது விதையைச் சோதித்துப் பாருங்கள். அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் 400 விதை வைத்து எண்ணுவார்கள். நமக்குப் பத்து போதும். ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் நிழலில் வையுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் முளை காட்டும். மிளகாய்க்குப் பத்து நாளுக்கு மேலும் ஆகும், அவசரப்படாதீங்க. அரசு நிர்ணயப்படி தக்காளி, கத்தரி விதையில் நூற்றுக்கு 70 முளைக்க வேண்டும், மிளகாயில் 60. பாக்கெட்டில் சோதனைத் தேதி போட்டிருக்கும்; அதிலிருந்து 9 மாதம்தான் கணக்கு. கடை வாசலில் வெயிலில் தொங்கின பழைய பாக்கெட்டை வாங்கிட்டு ஒரு விதவையின் கையைப் பழிப்பது என்ன நியாயம்? அந்தச் சகோதரியையே துணியில் பத்து விதை போடச் சொன்னேன். எட்டு முளைத்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சே இல்லை.

முளைத்த பிறகு சாவதுதான் அதிகம். தண்டு மண்ணோரத்தில் அழுகி நாற்று சாய்ந்துவிடும். இது நாற்றழுகல், பூஞ்சாண நோய். தண்ணீர் தேங்கினால் வரும். ஆகையால் தேங்காய்ச் சிரட்டையோ பழைய பால்கோவா டப்பாவோ, எதுவானாலும் அடியில் ஓட்டை போடுங்க. செம்மண், மணல், மக்கின எரு மூன்றும் சமமாய்ப் போதும். தென்னைநார்க் கழிவு நம்ம பக்கம் தாராளம். ஆனால் மக்கினதைத்தான் சேர்க்கணும். விதையின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம், அதற்குமேல் புதைக்காதீங்க. நெருக்கமாய்த் தூவாமல், காலையில் பூவாளியால் தெளியுங்கள்.

வெண்டை, அவரை, பாகலுக்கு நாற்று வேண்டாம், நேரே ஊன்றலாம். பாகல் விதைக்குத் தோல் கெட்டி, ராத்திரி ஊற வையுங்கள். பூவில் செண்டு, வாடாமல்லி, கோழிக்கொண்டை விதையில் சுலபமாய் வரும். மல்லிகைக்குப் பதியன்தான்.

தக்காளி நாற்றை 25 நாளில் பிடுங்கி நடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகமானால் நல்ல பழத்தில் விதை எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி அடுத்த பட்டத்துக்கு வைக்கலாம். ஹைப்ரிட் விதையில் அப்படி எடுத்தால் தாயைப்போல் காய்க்காது.