டி-ஷர்ட் போர்வையும் திருப்பூர் சொல்லித்தரும் ஆறு சின்னக் கருவிகளும்

நாலு வருஷத்துல நம்ம அலமாரியில வேற எது சேருதோ இல்லையோ, டி-ஷர்ட் சேர்ந்துடும். சிம்போசியத்துக்கு ஒண்ணு, ஹேக்கத்தானுக்கு ஒண்ணு, டிபார்ட்மெண்ட் டேக்கு ஒண்ணு. ஃபைனல் இயர் வந்ததும் தூக்கிப்போட மனசு வராது, போட்டுக்கவும் முடியாது. கட்டம் கட்டமா வெட்டிச் சேர்த்துத் தைச்சா அருமையான போர்வை ஆகும். 37 செ.மீ. சதுரமா 12 துண்டு வெட்டி, ஓரத்துல 1 செ.மீ. விட்டுத் தைங்க. 105 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளத்துக்கு வரும்.

ஆனா சட்டைத் துணி மாதிரி நினைச்சுத் தைச்சா கெட்டுப்போகும். சட்டைத் துணி நெய்தது, டி-ஷர்ட் துணி பின்னினது. பின்னலில் நூல் கண்ணி கண்ணியா கோத்துக்கிட்டுப் போகுது. அதனாலதான் இழுத்தா நீளுது. அதனாலதான் ஒரு கண்ணி அறுந்தா மேலே கீழே இருக்கிறதும் கழண்டு, ஓட்டை ஏணி மாதிரி ஓடுது. திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல இருக்கிற சின்னச் சின்ன சாமான்கள் பலதும் இந்தக் கண்ணியைக் காப்பாத்தத்தான். அதுல ஆறை மட்டும் பார்ப்போம்.

1. ஜி.எஸ்.எம். கட்டர்

வட்டமான கருவி. துணிமேல வச்சு அழுத்தித் திருப்பினா சரியா 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டும். அதோட எடையை கிராம்ல பார்த்து 100-ஆல பெருக்கினா ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியோட எடை. 1.6 கிராம் இருந்தா 160. இதுக்காக கட்டர் வாங்க வேண்டாம். மிச்சமான கைப்பகுதியில 10 செ.மீ. சதுரம் வெட்டுங்க, அதுவும் 100 சதுர செ.மீ. தான். கெமிஸ்ட்ரி லேப் தராசுல எடை போடுங்க. சமையல் தராசு வேண்டாம், அது 0.1 கிராம் தப்பினாலே விடை 10 மாறிடும். 140-ஐயும் 220-ஐயும் பக்கத்துல பக்கத்துல தைச்சா கனமானது லேசானதை இழுக்கும். முதல்ல எடை வாரியா பிரிச்சு வைங்க.

2. ரோட்டரி கட்டர்

பீட்சா வெட்டுற சக்கரம் மாதிரி இருக்கும். 1979-ல ஜப்பானோட ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்தது. கத்தரிக்கோல் துணியைத் தூக்கித்தான் வெட்டும், தூக்கினா பனியன் துணி நீண்டுடும். இது துணியைப் படுக்க வச்சே வெட்டும். கீழே கட்டிங் மேட், மேல இரும்பு ஸ்கேல் கட்டாயம். ஒவ்வொரு தடவை வெட்டினதும் பிளேடை மூடுங்க. கட்டிங் செக்‌ஷன்ல மின்கத்தி ஓட்டுறவங்க துணியைப் பிடிக்கிற கையில இரும்பு வளையக் கையுறை போட்டிருப்பாங்க. விரல் போனா வராது.

3. பியூசிங்கும் கிளிப்பும்

வெட்டின சிங்கிள் ஜெர்சி துணி ஓரத்துல சுருண்டுக்கும். காலருக்குள்ள வைக்கிற மாதிரி பியூசிங்கை, லேசானதா வாங்கி, வெட்டுறதுக்கு முன்னாடியே துணியோட பின்பக்கம் அயர்ன் பண்ணி ஒட்டுங்க. பிரிண்ட் மேல சூடு நேரா படக்கூடாது, உருகிடும். சேர்த்துப் பிடிக்க குண்டூசிக்குப் பதிலா பிளாஸ்டிக் கிளிப் போடுங்க. துணியில ஓட்டை விழாது.

4. பால்பாயிண்ட் ஊசி

கூர் ஊசி நூலைக் குத்தி அறுக்கும். முனை உருண்ட ஊசி நூலை விலக்கிட்டு இடையில இறங்கும். பாக்கெட்ல 75/11-னு பார்த்து வாங்குங்க. 75-ன்னா ஊசித்தண்டு 0.75 மி.மீ. முதல்ல ஒரு துண்டுல தைச்சு, குறுக்கே இழுத்து, வெளிச்சத்துல பாருங்க. தையல் ஓரமா புள்ளி புள்ளியா ஓட்டை தெரிஞ்சா ஊசியை மாத்துங்க. நேர்த்தையல் துணியோட சேர்ந்து நீளாது, இழுத்தா அறுந்துடும். அதனால குறுகலான ஜிக்ஜாக் வைங்க. திருப்பூர்ல சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர்னு தனித்தனியா ஆள் எடுக்கிறாங்க. தையலுக்குத் தகுந்த மெஷின், மெஷினுக்குத் தகுந்த கை.

5. டிரிம்மர்

செக்கிங் டேபிள்ல உட்கார்ந்திருக்கிற அக்காக்கள் கையில இருக்குமே, விரல் வளையம் இல்லாத குட்டிக் கத்தரி, அதுதான். பிசிறு வெட்ட இதை மிஞ்ச ஆள் இல்ல. கத்தரிக்கோல் முதல் வகை நெம்புகோல், டிரிம்மர் மூணாவது வகை. வளைஞ்ச பின்பகுதி ஊன்றுபுள்ளி, நடுவுல நாம அழுத்துறோம், முனையில நூல். விசை குறையும், வேகம் கூடும். நூலுக்கு அந்த விசை போதும். ஸ்பிரிங் இருக்கிறதால தானா திறந்துக்கும். ஆனா ஷிஃப்ட் முழுக்க அதை அழுத்துறது ஒரு கை. ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பா இருந்தா நூலும் வெட்டும், கையும் வலிக்காது? பிராஜெக்ட் டைட்டில் தேடுற மெக்கானிக்கல் நண்பர்களே, இது உங்களுக்கு.

6. காந்தம்

ஊசி உடைஞ்சா எக்ஸ்போர்ட் கம்பெனியில உடனே புது ஊசி தரமாட்டாங்க. உடைஞ்ச துண்டெல்லாம் தேடி எடுத்து, சேர்த்துப் பார்த்து, ரெஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டின பிறகுதான். ஒரு துண்டு கிடைக்கலைன்னாலும் பக்கத்துல இருக்கிற பீஸ்களையெல்லாம் தனியா எடுத்து வச்சுச் சோதிப்பாங்க. கடைசியா மெட்டல் டிடெக்டர். பிறந்த குழந்தையோட உடுப்புக்குள்ள அரை சென்டிமீட்டர் ஊசிமுனை இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சா, இந்தக் கெடுபிடி ஏன்னு புரியும்.

நம்ம போர்வைக்கும் அதே விதிதான். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணை பாலிதீன் பையில சுத்தி, தைச்சு முடிச்சதும் இரண்டு பக்கமும் மெதுவா ஓட்டுங்க. ஒட்டினதை பையோட உருவி எடுத்துடலாம். ஊசி உடைஞ்சிருந்தா துண்டுகளைச் சேர்த்துப் பாருங்க, முழு நீளம் வருதா? வந்த பிறகு போர்த்திக்குங்க.